புல்லக்காவின் மைதானம்

பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் அவளுக்குப் பெயரே புல்லக்கா என்றாகிவிட்டது. ஸ்டேடியத்தின் புல்தரையைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

அரையிறுதி அன்று காலையில் மழை கொட்டித் தீர்த்தது. சொந்த மைதானத்தில் அரையிறுதி ஆடக் கிடைத்ததே ஆறு வருடம் கழித்து. ஆட்டம் நான்கு மணிக்கு. இரண்டு மணிக்கு நடுவர் வந்து பார்த்து, தரை சரியில்லை என்றால் ஆட்டம் எதிரணியின் மைதானத்துக்குப் போய்விடும்.

வடக்கு கோலுக்கு முன்னால் மட்டும் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. பயிற்சியாளர் நிலைகொள்ளாமல் நடந்தார்.

"மணல் அள்ளிப் போட்டுடலாம் அக்கா."

"மேல காஞ்ச மாதிரிதான் தெரியும் சார். பந்து விழுந்தா கல்லு மாதிரி உக்காந்துக்கும். கொஞ்சம் பொறுங்க."

உதவ ஓடிவந்த ஆட்டக்காரர்களைக் கோட்டிலேயே நிறுத்தினாள். "பூட்ஸோட ஒருத்தரும் உள்ள கால் வைக்கக் கூடாது." பனைமரம் மாதிரி வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நின்றார்கள்.

இந்த மழைக்கு அந்த இடத்தில் தண்ணீர் தேங்காதே என்று அவள் மனம் சொன்னது. கோலுக்குப் பின்னாலிருந்த வடிகால் மூடியைத் தூக்கி, தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். கிழிந்த பேனர் ஒன்று வந்தது. அணியை வாழ்த்தி வைத்த பேனர். அதில் பயிற்சியாளரின் பாதி முகம் சிரித்துக்கொண்டிருந்தது. முழு முகத்துக்காரர் அதை வாங்கிச் சுருட்டிக்கொண்டார்.

தண்ணீர் மளமளவென்று இறங்கியது. இனி மண் மூச்சுவிட வேண்டும். முள்கரண்டி போன்ற நீளக் கம்பியால் சாணுக்கு ஒரு துளை குத்தத் தொடங்கினாள். அணியின் பஸ் ஓட்டுநரான அவள் கணவன் எட்டிப் பார்த்தான்.

"சாப்பிட்டியா?"

"அப்புறம். செருப்பைக் கழட்டிட்டு வந்து ஒரு கை குடுங்க."

இருவரும் குனிந்த தலை நிமிராமல் குத்தினார்கள். மிச்ச ஈரத்தைப் பஞ்சு உருளையால் ஒற்றி எடுத்தாள்.

நடுவர் எதிரணிப் பயிற்சியாளரோடு வந்தார். தோளுயரத்திலிருந்து பந்தைக் கைவிட்டுப் பார்த்தபடியே வடக்கு கோலுக்குப் போனார். பந்து விழுந்து முழங்காலளவு எழும்பியது. மறுபடியும் போட்டார். மறுபடியும் எழும்பியது.

"ஆடலாம்," என்றார்.

எதிரணிப் பயிற்சியாளர் குதிகாலால் தரையை அழுத்திப் பார்த்தார். "யாரு இதைப் பாத்துக்கறது?"

"இவங்கதான்," என்று அவள் அணியின் பயிற்சியாளர் அவளைக் காட்டினார்.

சேறு படிந்த கைகளை அவள் மறைத்துக்கொள்ளவில்லை.

"எங்க கிரவுண்டையும் ஒரு நாள் வந்து பாக்க முடியுமாம்மா?"

"சீசன் முடியட்டும் சார்," என்றாள்.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். ஸ்டேடியமே எழுந்து ஆர்ப்பரித்தபோது அவள் பார்வை, பந்துக்குப் பாய்ந்த ஒரு கால் பெயர்த்த உள்ளங்கையளவு புல்லில் இருந்தது. கூட்டம் கலைந்ததும் போய் அதை அமுக்கிவிட்டு, கம்பியோடு பஸ் நிற்கும் பக்கமாக வந்தாள். கணவன் எதிரணி பஸ் ஓட்டுநரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு மழைக்கும் உங்க பசங்க ஒருத்தனாவது வழுக்கி விழுந்தானா? பாத்துக்கறது யாரு? என் வீட்டுக்காரி."

கேட்காத மாதிரி கடந்துபோனாள். நடை மட்டும் கொஞ்சம் மெதுவாயிற்று.