குளிர் தெரிந்தவன்

சங்கிலிக்குத் தன் ஐம்பத்து மூன்றாவது வயதில் உட்கார ஒரு கதிரை கிடைத்தது. வன்னியில் ஸ்கந்தபுரத்துக்கு உள்ளே, வாய்க்கால் கரைக் குடியேற்றத்தில் நாற்பத்தைந்து வருடமாக இருக்கிறான். காணிக்காரர் சிற்றம்பலத்தாரின் வயலில் நெல் அருவி வெட்டியிருக்கிறான், அவர் வளவுக்கு வேலி அடைத்திருக்கிறான், அவர் முற்றத்தில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறான். அந்த மனிதர் உள்ளே போய்க் கதிரையைத் தூக்கிவந்து "இரு சங்கிலி" என்றது, 2022 டிசம்பரில் ஊருக்குக் குளிர் வந்தபோதுதான்.

வன்னி கண்டிராத குளிர் அது. கடலில் எங்கோ நின்ற புயல் வாடைக்காற்றைப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தது. இரண்டு நாளாகச் சூரியனைக் காணவில்லை. வானம் சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரிக் கிடந்தது. அழுக்குக் காற்று வந்து ஊருக்கு மேல் நிற்கிறது, முகக்கவசம் போடுங்கள், ஒன்றையும் எரிக்காதீர்கள் என்று ரேடியோ சொன்னது. மனிதர்கள் கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சியதைத் தேடியெடுத்துக் கட்டிக்கொண்டார்கள். மாட்டுக்கு எதைக் கட்டுவது? வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த மாடுகள் திறந்த வெட்டையில் நின்றபடியே நடுங்கி, முழங்கால் மடிந்து விழுந்து செத்தன.

"நீ மலைநாட்டு ஆள். உனக்குக் குளிர் தெரியும். என்ன செய்யலாம் எண்டு சொல்லு" என்றார் சிற்றம்பலத்தார்.

தமிழருக்கு எதிரான எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது சங்கிலிக்கு எட்டு வயது. குளிரைப் பற்றி அவனுக்கு ஞாபகத்தில் மிஞ்சியதெல்லாம் லயத்து அறை மூலையில் எரிந்த நெருப்பும், அம்மா போர்த்திவிட்ட கம்பளியும்தான். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றி ஏழெட்டுப் பேர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'தோட்டக்காட்டான்' என்று சொல்லித் திரிந்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? சங்கிலிக்கும் நிமிர்ந்துவிட்டது.

"இதெல்லாம் ஒரு குளிருங்களா?" என்று தொடங்கினான். "மாட்டுக் கொட்டிலச் சுத்தித் தறப்பாள் கட்டுங்க. காத்து ஒரு பொட்டும் உள்ள போகப்படாது. உள்ளுக்க உமியும் காஞ்ச சாணியும் போட்டு மூட்டம் வையுங்க. எங்க லயத்துல அப்பிடித்தான்."

ஊர் தலையாட்டியது. அன்று பொழுதுபடுவதற்குள் அகதி வாழ்க்கையில் கூடாரம் போட்ட பழைய தறப்பாள்கள் எல்லாம் பரணிலிருந்து இறங்கின. பாதிப்பேர் சும்மா பேருக்குக் கட்டினார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்தவள் சங்கிலிக்கு அடுத்த வளவு விமலேஸ்வரிதான். புருஷன் கட்டாரில் வேலை. இங்கே அவளும் இரண்டு பிள்ளைகளும் ஆறு மாடுகளும். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிற பிறவி இல்லை.

மறுநாள் காலை அவளுடைய இரண்டு கன்றுகள் செத்துக் கிடந்தன.

புதைக்கத் தூக்கிக் கொடுக்கப் போனவன் சங்கிலிதான். கொட்டிலுக்குள் காலை வைத்ததுமே கண் எரிந்தது, இருமல் வந்தது. வெளியிலும் காற்று அசையவில்லை. ஊர்ப் புகை முழுக்கக் கூரை உயரத்திலேயே படுத்திருந்தது. கன்றின் முகத்தைத் திருப்பியபோது மூக்குத் துவாரம் இரண்டும் கறுப்பாக இருந்தன. விரலால் துடைத்தான். கரி. அடுத்ததற்கும் அப்படித்தான்.

விரலை உடுத்திருந்த சாரத்தில் தேய்த்துவிட்டுக் குழி வெட்டினான்.

வீட்டுக்கு வந்து தன் கொட்டிலைப் பார்த்தான். அவனுடைய இரண்டு மாடும் பேசாமல் அசைபோட்டுக்கொண்டு நின்றன. அவனும் மூட்டம் வைத்தவன்தான். ஆனால் அவன் கூரையில் பாதிக்கு ஓலைக் கிடுகு இல்லை. புகை அதன்வழியே போய்விட்டது. கூரை மேய வழியில்லாத வறுமை தன் மாட்டைக் காப்பாற்றியிருக்கிறது, தன் வாய் அவளுடைய கன்றுகளைக் கொன்றிருக்கிறது என்று அவனுக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கியும் வாயைத் திறக்கவில்லை. செத்தது செத்துவிட்டது, இனிச் சொல்லி என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மத்தியானம்வரை படுத்திருந்தான். வெட்கம்கெட்ட சமாதானம்.

மூன்று மணிபோல ஒழுங்கையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். விமலேஸ்வரி பழைய உழவு இயந்திர டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டியிருந்தாள்.

"நெருப்புப் போதாமப் போச்சு சங்கிலியண்ணை" என்றாள். "நீங்கள் சொன்னது சரி, நான்தான் குறைச்சுப் போட்டிட்டன். இண்டைக்கு டயர் வைக்கப்போறன். விடியுமட்டும் நிண்டெரியும். சிற்றம்பலத்தார் வீட்டிலயும் டயர்தான். விழுந்து கிடக்கிற சினைப்பசுவையாவது தப்ப வைக்கவேணும்."

அவள் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு நிற்பதைச் சங்கிலியால் தாங்க முடியவில்லை. டயரை எட்டிப் பிடித்தான்.

"வேணாம் தங்கச்சி. கண்டுக குளிரால சாகல. புகையால செத்திச்சு. மூக்குல கரி இருந்திச்சு. காலையிலயே பாத்தேன்."

"காலமையே பாத்தனீங்களோ?"

"ஓம்."

"பின்னை ஏன் வாய் திறக்கேல்லை?"

"எனக்குக் குளிரப் பத்தி ஒண்ணும் தெரியாது. எட்டு வயசுல வந்தவன். எல்லாரும் என்னையக் கேட்டாங்க எண்டுதான் சொன்னேன்."

அவள் டயரை விட்டாள். அது ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

"நான் தறப்பாளை ஊசியும் நூலும் கொண்டு தைச்சனான் அண்ணை" என்றாள். "ஓட்டை ஒவ்வொண்டாத் தேடித் தேடித் தைச்சனான்."

திட்டியிருந்தால் சங்கிலிக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் போய் அரிவாளை எடுத்துத் தறப்பாளை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். கிழித்து முடித்துத் திரும்பாமலே சொன்னாள்: "மற்ற வீடுகளுக்கு நீங்கள்தான் போய்ச் சொல்லவேணும்."

போனான். பதினொரு வீடு. ஒவ்வொரு படலையிலும் நின்று, எனக்குக் குளிர் தெரியாது, நான் பொய் சொல்லிப்போட்டேன், தறப்பாளை அவிழுங்கள், நெருப்பை அணைத்து வைக்கோலைப் பரப்புங்கள், முதுகில் சாக்கைக் கட்டுங்கள் என்றான். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிடுவதாகச் சொன்னார்கள். சிற்றம்பலத்தார் "உன்னை நம்பினனே" என்றார். ஆனாலும் தறப்பாளை அவிழ்த்தார். இரண்டாம் வீட்டைவிட ஏழாம் வீட்டில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அது லேசாகிப் போகும் என்று அவன் நினைத்தது பிழை.

அடுத்த நாள் விமலேஸ்வரியின் சினைப்பசு எழுந்து நின்று கஞ்சித்தண்ணி குடித்தது. சிற்றம்பலத்தாரின் கிழப்பசுவும் அதன் கன்றும் கொட்டில் வாசலில் விறைத்துக் கிடந்தன. சங்கிலி குனிந்து அவற்றின் மூக்கைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. இது குளிர்தான்.

சிற்றம்பலத்தார் பக்கத்தில் வந்து நின்றார். கோபம் இல்லை. அழுதிருக்கிறார் என்று கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது.

"மூடிவச்சிருந்தா இதுகள் தப்பியிருக்குமோ சங்கிலி?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். அவருக்கும் மனம் ஆறும், இவனுக்கும் ஆறும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியாதுங்க" என்றான் சங்கிலி.