மோட்டாருக்கு வந்த அழைப்புகள்

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். பல்லடம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயத்துக்கு முதலாளியும் நானேதான். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது என்று, கிணற்று மோட்டாருக்கு சிம் போட்ட ஸ்டார்ட்டர் வாங்கி, அதற்கான ஆப்பையும் போனில் ஏற்றினேன். அந்த சிம்முக்குக் கூப்பிட்டால் ஒரே ரிங்கில் அழைப்பு தானாகத் துண்டாகி மோட்டார் ஓடும். மறுபடி கூப்பிட்டால் நிற்கும். தையல் லைனில் நின்றுகொண்டே தண்ணீர் பாய்ச்சினேன். பெருமை தாங்கவில்லை.

அன்றைக்கே எனக்கும் ஒரு புது சிம் வாங்கினேன். இரண்டு எண்ணுக்கும் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு.

அந்த வாரம்தான் செக்கிங் டேபிள் ஆஷா வேறு கம்பெனிக்குக் கிளம்பினாள். தூத்துக்குடிப் பெண். ஒரு வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைக் கடைசி நாள் சாயங்காலம் ஒருவழியாகக் கொட்டிவிட்டேன்.

"உங்களைக் கட்டிக்கோணும்னு ஆசைங்க."

அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க நம்பரைத் தாங்க. யோசிச்சிட்டுக் கூப்பிடுதேன்."

சைஸ் லேபிளின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் ஆகியும் அவள் கூப்பிடவில்லை. லோன் வேண்டுமா என்று கேட்ட பெண்ணிடம்கூட "சொல்லுங்க, சொல்லுங்க" என்று வழிந்தேன். சோறு இறங்கவில்லை. எக்ஸ்எல் சைஸ் பனியனுக்கு எல்லாம் மீடியம் லேபிள் ஒட்டவைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில் மோட்டாருக்கும் கிறுக்குப் பிடித்தது. தானாக ஓடியது, தானாக நின்றது. அம்மா கம்பெனிக்கே போன் அடித்தார்.

"ஏன் கண்ணு, மழையே பேயல, வெங்காயக் காட்டுல தவளை கத்துது!"

எனக்குப் பக்கத்துக் காட்டு ராசப்பன்மேல்தான் சந்தேகம். ஆப் வந்ததிலிருந்தே அவர் முகம் சரியில்லை. ஸ்டார்ட்டர் விற்ற கடைக்காரரைக் கேட்டேன்.

"யாரு கூப்பிட்டாலும் ஓடறாப்புல விட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க. ஆப்ல ஹிஸ்டரி பாருங்க, நம்பர் நிக்கும்."

வரப்பில் நின்று திறந்து பார்த்தேன். என் எண்ணைத் தவிர மற்றதெல்லாம் ஒரே எண். மொத்தம் இருபத்து மூன்று அழைப்புகள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஏழு! ரத்தம் தலைக்கு ஏறியது. உடனே அந்த எண்ணைக் கூப்பிட்டேன். என்ன கோபம் வந்தாலும் எங்கள் பக்கத்து வாயில் மரியாதை மட்டும் போகாது.

"யாருங்க நீங்க? அறிவிருக்குதுங்களா? இருபத்து மூணு தடவை கூப்பிட்டு என்ர வெங்காயத்தை அழுக வெக்கறதுல உங்களுக்கு என்னங்க சந்தோசம்?"

பதிலுக்கு வந்தது ஒரு பெண் குரல்.

"ஆஷா பேசுதேன். இத்தனை நாளும் எடுக்காம கட் பண்ணுனீங்க. இப்ப வெங்காயம்னு ஏசுதீங்க. பிடிக்கலன்னா நேராச் சொல்லிருக்கலாம்லா?"

எனக்குக் கடைசி இலக்கம் ஞாபகம் வந்தது. வரப்பிலிருந்து கால் சேற்றில் சறுக்கியது.

"அய்யோ, அது மோட்டாருங்க!"

"எது?"

"நீங்க கூப்பிட்டதுங்க! நம்பரை மாத்தி எழுதிட்டனுங்க. நீங்க கூப்பிட்டா அது ஓடுமுங்க, திரும்பக் கூப்பிட்டா நிக்குமுங்க. நான் கட் பண்ணலீங்க, சத்தியமா!"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே தெரியாமல் சிரித்தாள். நானும் முழங்கால் சேற்றில் நின்று, காடே கேட்கும்படி சிரித்தேன். அத்தனை சந்தோஷம். ராசப்பன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"ஆமாங்க!" என்றேன். மனசுக்குள் அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

அப்புறம்தான் பயம் வந்தது. குரலைத் தாழ்த்தி, "யோசிச்சுச் சொல்றன்னீங்களே, பதில் என்னங்க?" என்றேன்.

"ஏங்க," என்றாள் ஆஷா, "இல்லைன்னு சொல்லதுக்கு எவளாவது இருபத்து மூணு தடவை கூப்பிடுவாளா?"