ஒரே சகனில் நாலு பேர்

என் கணவர் ஜைத் உயிருக்குப் போராடிய காலையில் எங்கள் வீட்டில் எல்லாரும் பிரியாணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

முதல் நாள்தான் கடப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஜைத்தின் தங்கை ஷஃபானாவுக்கு நிக்காஹ் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு ஆம்பூர். ஆம்பூர்க்காரர்களுக்கே பிரியாணி ஆக்கிப் போடுவதென்றால் சும்மாவா? என் மாமனார் ஜெயினுலாபுதீன், சமையல்கார பண்டாரியின் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. கறி வெட்டும் இடத்தில் அவர், அரிசி களையும் இடத்தில் அவர், தம் போடும் இடத்திலும் அவர்தான்.

எங்கள் வீட்டு விருந்து சகனில்தான். பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து வைப்பார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். பெண்ணின் அண்ணன் என்பதால் ஜைத்தை மாப்பிள்ளையின் சகனில் உட்கார வைத்தார்கள். கூட இருந்தவர்கள் மாப்பிள்ளை, அவருடைய அப்பாவின் அண்ணனான பெரியத்தா, ஒரு சிநேகிதர். மறுநாள் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுபோனது.

வீட்டில் இருந்த கட்டில், மெத்தை எல்லாம் விருந்தாளிகளுக்குப் போய்விட்டது. ஜைத் பின்பக்கம் சவுக்குத் தோப்பை ஒட்டிய விறகுக் கொட்டகையில் பாய் விரித்துப் படுத்தார். விடியற்காலை ஃபஜ்ர் பாங்கு சொல்லி முடித்த நேரத்தில் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“வயித்த புரட்டுது, ஜஹனாரா. இன்னான்னு தெரில.”

“வேற எதுனா பண்ணுதா மச்சான்?”

“தூக்கத்துல சுருக்குனு ஏதோ கடிச்ச மாதிரி இருந்துச்சு. எறும்பா இருக்கும்.”

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தடம் எதுவும் இல்லை. அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்த மாமி, “பாத்திரம் கழுவுன எடத்துல எறும்பு மொய்க்காம இன்னா பண்ணும்?” என்றார். அந்த எறும்பையும் பிரியாணி தலையில் கட்டியாயிற்று.

ஜைத் குழாயடியில் வாந்தி எடுத்தார். அதுதான் வினையாகப் போனது. அங்கே பல் விளக்கிக்கொண்டிருந்த பெரியத்தா பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“நேத்தே சொன்னேன். கறி பழசு.”

நேற்று அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆனால் பெரிய மனிதர் சொல்லிவிட்டாரே! டீ கொடுத்து முடிப்பதற்குள் ஆம்பூர்ப் பெண்கள் இருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி போனில் கெட்டுப்போன கறியைப் பற்றி யாரோ முகம் தெரியாதவன் பேசிய ஆடியோவைப் போட்டாள். எல்லாரும் தலையை ஆட்டிக் கேட்டார்கள்.

மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “சாப்பாட்டுல குத்தம் சொல்ற வேல வாணாம். கல்யாண வேல செஞ்ச அலுப்பு. வாயு புடிச்சிகினு கீது” என்று சொல்லி, ஜைத்தை மறுபடி கொட்டகைப் பாயில் சாய்த்து ஓமத் தண்ணீர் கொடுத்தார். பாதி உள்ளே போனது, மீதி வாயோரம் வழிந்தது.

எனக்கு அங்கேதான் முதலில் பயம் பிடித்தது. கிட்டப் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்ப்பதற்காகத் தாடையைத் தூக்கினார்.

“கண்ண நல்லா தொறங்க மச்சான்.”

“தொறந்துகினுதான் கீறேன்” என்றார். வார்த்தை குழறியது. இமைகள் பாதிக்கு மேல் ஏறவே இல்லை.

நேராக ஆம்பூர் ஆண்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்குப் போனேன். மருமகள் அங்கே போய்ப் பேசுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. போனேன்.

“பெரியத்தா, நீங்களும் அதே சகன்லதான கை வெச்சீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே.”

“எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு” என்று சொல்லி நெஞ்சைத் தடவினார். வயிறு எங்கே இருக்கிறது என்றுகூட மறந்துவிட்டார் போல. மாப்பிள்ளை மெல்ல, “நானும் அதுலதான் சாப்பிட்டேன், நல்லாத்தான் இருக்கேன்” என்றார். பெரியத்தா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மாமாவிடம் ஓடினேன். “சாப்பாடு இல்ல மாமா. வேற என்னமோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும்.”

“சாப்பாடு இல்லன்னுதான் நானும் சொல்லிகினு கீறேன்.”

“அப்ப வண்டி கூப்புடுங்க.”

அவர் என்னைக் கொட்டகைச் சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நின்னா ஆம்பூர்க்காரன் இன்னா சொல்லுவான்? உன் சாப்பாட்டுல ஒருத்தன் படுத்துட்டான்னு சொல்லுவான். ஷஃபானா அங்க போயி வாழணும்மா. சாயங்காலம் அவுங்க கெளம்பிடட்டும், போவலாம்.”

மகள் மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஜைத்தைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவராவது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் போதும், பாவி மனுஷர்கள்.

வீட்டுப் போனிலிருந்து நான் 108க்கு அடித்தேன். எடுத்தது ஒரு பெண். காலையிலிருந்து என்னிடம் பதில் சொல்லாமல் கேள்வி கேட்டது அவள் ஒருத்திதான். எங்கே படுத்திருந்தார்? தரையிலா? கண் இமை தொங்குகிறதா? எச்சில் முழுங்க முடிகிறதா? எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, “கட்டுவிரியன் கடியா இருக்கலாம்மா. தடமே தெரியாது, பல பேரு வயித்துவலின்னு விட்டுடுவாங்க. அவர நடக்க விடாதீங்க, வண்டி வருது” என்றாள்.

பந்தலில் போய்ச் சொன்னேன்.

“பாம்பு கடிச்சா கால் வீங்கும், ரத்தம் வரும். இது கறிதான்” என்றார் பெரியத்தா.

“பாம்பா? சின்ன வயசுலேந்து அந்தத் தோப்புலதான் படுத்து எழுந்துகினு கீறேன்” என்றார் மாமா. அன்று காலை இரண்டு வீட்டாரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஜைத்தைப் பாயோடு கொட்டகையிலிருந்து நடைக்கு இழுத்து வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். மூச்சு மேலாக மட்டும் ஓடியது. ஆம்புலன்ஸ் வரும், வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. எழுந்து பார்த்தால் மாமா தவிப்போடு போனில் பேசிக்கொண்டிருந்தார். டிரைவர் வழி கேட்டு வீட்டு நம்பருக்கு அடித்திருக்கிறார்.

“சைரன் போடாதீங்க தம்பி. பின்னாடி சந்து வழியா வந்துடுங்க.”

பின்னாடி சந்தில் வாடகைப் பாத்திர வண்டி நின்றிருந்தது. நேற்றைய பிரியாணி தேக்சாக்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் அதன் பின்னால் வந்து மாட்டிக்கொண்டு, பின்னுக்குப் போய், தெருவைச் சுற்றி மறுபடி முன்வாசலுக்கு வரவேண்டியதாயிற்று. அதற்குள் ஜைத்தின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

“மாமா, இவரு போய்ட்டாலும் சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு ஊர்ல சொல்லிக்கலாம்” என்றேன். மாமாவிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை எழுந்து வந்து பாயின் ஒரு முனையைப் பிடித்தார். பெரியத்தா கூப்பிட்டதை அவர் காதில் வாங்கவில்லை.

மதுராந்தகம் தாண்டுவதற்குள் ஜைத்தின் மூச்சு நின்று போனது. வண்டியில் இருந்தவர் மூச்சுப் பையை அழுத்தி அழுத்தித்தான் செங்கல்பட்டு வரைக்கும் கொண்டு சேர்த்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் போட்டார்கள். விஷமுறிவு மருந்து ஏறியது.

மத்தியானம் டாக்டரம்மா என்னையும் மாமாவையும் உள்ளே கூப்பிட்டார். “கட்டுவிரியன்தான். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா மெஷின் தேவைப்பட்டிருக்காது. பொழைக்க வாய்ப்பு இருக்கு, இப்பவே உறுதியா சொல்ல முடியாது.”

“மயக்கத்துல கீறாரா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. இந்தக் கடியில கண்ணு தொறக்க முடியாது, விரல அசைக்க முடியாது. ஆனா காது கேக்கும். நல்லதா நாலு வார்த்த பேசுங்க.”

அப்படியானால் காலையிலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறார். பழைய கறி, வாயு, சாயங்காலம் போகலாம், சைரன் போடாதீங்க, எல்லாவற்றையும். நான் சொன்ன அந்த வார்த்தையையும் சேர்த்து.

மாமா கட்டிலைப் பிடித்துக்கொண்டு விம்மினார். அழட்டும் என்று விட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மகன் முகத்தருகே குனிந்தார். காலையிலிருந்து இருண்டு கிடந்த முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்திருந்தது.

“ஜைத்து, பாம்புதான்டா. டாக்டரே சொல்லிட்டாங்க. நம்ம சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல. ஆம்பூர்க்காரனுக்கு இப்பவே போன போட்டு…”

அதற்கு மேல் கேட்க வேண்டாம் என்று ஜைத்தின் காதை என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.