ஜூன் முதல் செப்டம்பர் வரை

சென்னீர்குப்பத்தில் ரேவதியின் ட்யூஷனுக்கு ஒரே விதிதான். ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்து, நோட்டில் அவளிடம் கையெழுத்து வாங்கினால்தான் வீட்டுக்குப் போகலாம். மாடியில் தகரக் கூரை போட்ட அறை. மறுநாள் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் பொதுத்தேர்வு. மின்விசிறி அனலைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வடகிழக்குப் பருவமழை விடையை ராகம் போட்டு இழுத்தார்கள்.

மஹீரா பாதியில் நிறுத்தினாள்.

"மிஸ், இத்துல ஜூன்லேர்ந்து செப்டம்பர்னு கீது. செம்பரம்பாக்கம் ஏரி ரொம்பி எங்க ஊட்ல தண்ணி பூந்தது தீபாவளி முடிஞ்சி. ஏரிக்கு மட்டும் நோட்ஸ் குடுக்கலியா மிஸ்?"

எல்லோரும் சிரித்தார்கள். ரேவதி தாளை வாங்கிப் பார்த்தாள். அவளே கைப்பேசியில் தட்டியது. தென்மேற்குப் பருவமழை விடையை அப்படியே நகலெடுத்துத் தலைப்பை மாற்றியிருந்தாள். மாதங்களை மாற்ற மறந்திருந்தாள். காற்றின் திசையும் அப்படியே இருந்தது. ஆறு மாதமாக இந்த விடையைத் தினமும் கேட்டிருக்கிறாள். ராகம் எங்கே அறுபடுகிறது என்று மட்டுமே கேட்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

பலகையில் திருத்தி எழுதினாள். மற்றவர்கள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். தீபிகா மட்டும் நின்றாள்.

அரையாண்டில் அவளுக்கு முப்பத்திரண்டு மார்க். தேற முப்பத்தைந்து வேண்டும். ஃபெயிலானால் அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனிக்கு அனுப்பிவிடுவதாக அப்பா முனியன் சொல்லியிருந்தார். பெரிய கேள்விகளில் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

"அக்டோபர் முதல்..." என்று தொடங்கினாள். அடுத்த வரி வரவில்லை. மறுபடி தொடங்கியபோது வாய் தானாக ஜூனுக்குப் போனது. ஏழாவது முறை எதுவுமே வரவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ரேவதி தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நோட்ஸ வுடு. மழ எப்ப வரும், காத்து எங்கேர்ந்து வரும்? நீயா சொல்லு."

"தீபாவளி ஒட்டி வரும் மிஸ். கடல் பக்கத்துலேர்ந்து காத்து அடிக்கும். புயல் வந்தா ஸ்கூல் லீவு. பொங்கலுக்கு மின்ன நின்னுடும்."

"சரிதான். அதயே எழுது."

தீபிகா நம்பாமல் பார்த்தாள்.

"டிசம்பர்ல சொந்தமா எழுதனேன்னுதான முட்டி போட வெச்சீங்க?"

ரேவதி பலகைக்குத் திரும்பி 'அக்டோபர்' என்பதன் கீழே கோடு போட்டாள்.

"நா பழசயே எழுதிடறேன் மிஸ். அதான் முழுசா வருது."

சொல்லியும் காட்டினாள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, கடைசிப் புள்ளி வரைக்கும், ஒரு வார்த்தை பிசகவில்லை.

"அது தப்பு தீபிகா."

"புச்ச எழுதப் போயி எதுமே வரலன்னா?"

கீழே முனியன் ஹாரன் அடித்தார். தீபிகா நோட்டைத் திறந்து நீட்டினாள். நாளை தேர்வு அறையில் தான் பக்கத்தில் இருக்கப்போவதில்லை என்று ரேவதி நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் எல்லோரும் செய்வதுபோல் தீபிகா குனிந்து காலைத் தொட்டாள். ரேவதியின் கால்கள் மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தன. பின்னால் இழுத்துக்கொள்ள இடமில்லை.