பயந்த வாய்க்கு மூன்று நாள்

ஊசிமலைத் தோட்டத்தின் எட்டாம் நம்பர் பிளாக்கில் வானத்திலிருந்து ஒரு தொட்டி இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அது இறங்கிய இடத்தில் பதினொரு செம்பனை மரங்கள் சாய்ந்ததாக ஆபீஸ் கணக்கு பார்க்கும் கிராணி எழுதி வைத்தார். தொட்டி என்று சொல்வது வேறு சொல் கிடைக்காததால்தான். கவிழ்த்து வைத்த தண்ணீர்த் தொட்டியின் வடிவம், சாம்பல் நிறம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு ஒன்றின் அளவு, கதவு கிடையாது, தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி போலச் சூடு. மானேஜர் வந்து கைப்பேசியில் இருபது படம் எடுத்தார். இருபதிலும் சாயாத மரங்கள்தாம் தெரிந்தன. படத்தில் இல்லாத ஒன்றைத் தலைமை ஆபீசுக்கு எப்படித் தெரிவிப்பது என்று புரியாமல் அவர் திரும்பிப் போய்விட்டார். குலை வெட்டுகிற வங்காளதேசத்து ஆட்கள் இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்தார்கள். மூன்றாம் நாள் அதன் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றார்கள். ரந்தாவ் கடைத்தெருவில் இருந்து சிலர் மோட்டாரில் வந்து பார்த்தார்கள், ஒன்றும் நடக்காததால் அலுத்துப்போய்க் கிளம்பினார்கள். இது நடந்தது இரண்டாயிரத்துப் பதினெட்டில்.

அடுத்த திங்கட்கிழமை எட்டாம் பிளாக்கில் களைக்கு மருந்தடிக்க வேண்டும் என்று அட்டவணையில் இருந்தது. தொட்டியைப் பற்றி அட்டவணையில் ஒன்றும் இல்லை. ஆகவே மருந்தடிப்பை மேற்பார்க்கும் மண்டோர் பஞ்சாலை தன் கீழ் வேலை செய்த இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்தத் தோட்டத்தில் மிச்சமிருந்த தமிழ்ப் பெண்களின் வேலைக்கும்பல் அது ஒன்றுதான்: ஐம்பத்திரண்டு வயது பஞ்சாலை, குலை லோரி ஓட்டும் வீரமுத்துவின் மனைவி புஷ்பவள்ளி, கல்யாணமாகிப் பிரிந்து வந்து தனியாக இருந்த மோகனா. பஞ்சாலைக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அவளுடைய குரல். ஆற்றோரத்தில் தோம்பு என்கிற பீப்பாயில் மருந்து கலக்கிக்கொண்டே அவள் கூப்பிட்டால் இருபது மர நிரை தாண்டிக் கேட்கும். அவள் கூப்பிட்டால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. மருந்து மூக்கில் ஏறி மயங்கி விழுந்த ஒருத்தியை அவள் மற்றவர்களை அப்படிக் கூப்பிட்டுத்தான் ஒருமுறை காப்பாற்றியிருக்கிறாள். பதினாறு வருசமாக அந்தக் குரலுக்கு இரண்டு பேரும் கட்டுப்பட்டார்கள்.

ஒன்பதரை மணிக்கு மோகனா முதுகில் மருந்துப் பம்பு இல்லாமல், ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு, ஆற்றங்கரைக்கு ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்: தொட்டிக்குள்ளிருந்து பஞ்சாலையின் குரல் புஷ்பவள்ளியைக் கூப்பிட்டது, தொட்டி ஒரு பக்கத்தில் வாய் திறந்தது, மண்டோர் கூப்பிடுகிறாள் என்று புஷ்பவள்ளி உள்ளே போனாள், வாய் மூடிக்கொண்டது, பிறகு மறுபக்கம் திறந்து இன்னொரு புஷ்பவள்ளி வெளியே வந்தாள்.

“நான் இங்கதானடி உக்காந்து மருந்து கலக்கிக்கிட்டு இருக்கேன். நான் எங்க கூப்பிட்டேன்?”

“நீங்க இல்லக்கா, உங்க கொரலு. ‘புஷ்பம், இங்க வாடி’ன்னு. அப்படியே நீங்கதான்லா.”

பஞ்சாலைக்குச் சுருக்கென்றது. ஆள் காணாமல் போனதைவிடத் தன் குரலைக் களவு கொடுத்ததாக ஒருத்தி சொல்வதுதான் அவளுக்கு அப்போது பெரிதாகப் பட்டது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நிரைக்குள்ளிருந்து புஷ்பவள்ளி நடந்து வந்தாள். முதுகில் ஆறாம் நம்பர் பம்பு, தலையில் துண்டு, கன்னத்தில் அதே மரு. மோகனா அலறிக்கொண்டு பஞ்சாலையின் பின்னால் ஒளிந்தாள். புஷ்பவள்ளி சிரித்தாள். “ஒண்ணுமில்லக்கா, நாகப்பாம்பு ஒண்ணு குறுக்க போச்சு. இவ பயந்து ஓடியாந்துட்டா. நான் கூப்பிடக் கூப்பிட நிக்கலலா,” என்றாள். அந்தச் சிரிப்பில் குறை ஒன்றும் இல்லை. மோகனா பின்னாலிருந்து, “கையப் பாருங்கக்கா, கையப் பாருங்க,” என்று மட்டும் முனகிக்கொண்டிருந்தாள். பஞ்சாலை பார்த்தாள். புஷ்பவள்ளி எப்போதும் இடது கையால்தான் பம்பு அடிப்பாள். இப்போது பம்பின் பிடி வலது கையில் இருந்தது. தோள்வலியாக இருக்கும் என்று பஞ்சாலை நினைத்துக்கொண்டாள். உடனே அப்படி நினைக்கத் தோன்றியதே, அதைத்தான் பிற்பாடு அவளால் பொறுக்க முடியாமல் போயிற்று.

ஊசிமலையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது எதையாவது கண்டு பயந்துவிட்டால் காளியம்மன் கோயிலில் திருநீறு போட்டு, கறுப்புக் கயிறு கட்டி, எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போடுவார்கள். இது எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான். ஊசிமலையில் கூடுதலாக ஒன்று: கயிறு கட்டியதிலிருந்து மூன்று நாளைக்குப் பயந்தவர் பேச்சு எடுபடாது. அவர் சொல்வதை யாரும் கேட்கலாம், ஆனால் அதை நம்பி ஒரு காரியமும் செய்யக் கூடாது. ரப்பர் வெட்டிய பால்மரக் காலத்தில் முருகையா என்று ஒருவர் காட்டில் எதையோ பார்த்துப் பயந்து வந்து, தன் மனைவி மேல் கொலைப்பழி சொன்னார். லயமே திரண்டு அந்தப் பெண்ணை அடித்து விரட்டியது. நாலாம் நாள் தெளிந்து எழுந்தவர், அவள் எங்கே என்று கேட்டார். அவள் கிடைக்கவே இல்லை. அதன்பிறகு லயத்துப் பெரியவர்கள் கூடிப் போட்ட விதி இது. நல்ல மனதோடு போட்ட விதிதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள். பஞ்சாலை மோகனாவின் கையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துப்போய்த் தானே கயிற்றைக் கட்டிவிட்டாள். வியாழக்கிழமை காலையில் கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

முதல் நாள் முழுக்க மோகனா கோயில் வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். எல்லாரும் அன்பாகக் கேட்டுக்கொண்டு, பாவம் என்று சொல்லிப் போனார்கள். வீரமுத்து லோரியை நிறுத்திக் கேட்டான். பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். மனைவி சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் மதியம் மோகனாவைக் காணவில்லை என்று தேடிப் போன பஞ்சாலை, அவள் எட்டாம் பிளாக்கில் தொட்டியின் மேல் காதை வைத்துக்கொண்டு, கையால் அடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். கிட்டப் போனபோது பஞ்சாலைக்கும் கேட்டது. மெலிதாக, ஆனால் தெளிவாக, உள்ளிருந்து புஷ்பவள்ளியின் குரல்.

“பஞ்சாலக்கா, நீங்கதான கூப்பிட்டீங்க? நான் வந்துட்டேன்லா. எங்க இருக்கீங்க? ஒண்ணும் தெரியலக்கா. கொஞ்சம் கதவத் தொறங்க.”

பஞ்சாலை ஓரடி பின்வாங்கினாள். ஆனால் அவள் லேசுப்பட்ட மூளைக்காரி இல்லை, வழக்காடத் தெரிந்தவள். அவள் மோகனாவைப் பார்த்துச் சொன்னாள்: “இது கொரல திருடுதுன்னு நீதானடி சொன்ன? என் கொரல்ல பேசத் தெரிஞ்சதுக்கு அவ கொரல்ல பேசத் தெரியாதா? புஷ்பம் ஒம்பதாம் பிளாக்குல வேல செஞ்சிக்கிட்டு இருக்கா. வா போலாம்.” மோகனா சொன்ன கதையை நம்பாமல், அந்தக் கதையைக் கொண்டே அவள் வாயை அடைத்தாள். மோகனா அவள் காலில் விழுந்தாள். ஒரு டிராக்டர், ஒரு சங்கிலி, நாலு ஆள் போதும் அக்கா, இழுத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் என்னை வேலையை விட்டுத் துரத்துங்கள் என்று அழுதாள். மூன்று நாள் ஆகட்டும் என்றாள் பஞ்சாலை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அங்கேயே பாதி தெரிந்துவிட்டது. மோகனா சொன்னது மெய்யென்றால் புஷ்பவள்ளியை உள்ளே கூட்டிப்போனது தன் குரல் என்றாகிவிடும். அதைத் தாங்குவதைவிட மோகனாவைப் பைத்தியமாக்குவது சுலபமாக இருந்தது. புதன்கிழமை முழுவதும் அவள் கையில் இருந்தது. அந்தப் புதன்கிழமையை அவள் ஒன்பதாம் பிளாக்கில், வலது கையால் பம்பு அடிக்கிறவளுக்குப் பக்கத்து நிரையில் கழித்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் அவள் மோகனாவின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, வீரமுத்துவையும் டிராக்டரையும் சங்கிலியையும் ஆறு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனாள். எட்டாம் பிளாக்கில் தொட்டி இல்லை. சாய்ந்த பதினொரு மரங்களும் எழுந்து நின்றன, குலைகூடத் தள்ளியிருந்தன. வெறும் தரையில் ஒரு மருந்துப் பம்பு மட்டும் கிடந்தது. அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் ஆறு என்று எழுதியிருந்தது. ஸ்டோரில் போய்ப் பார்த்தபோது அங்கேயும் ஓர் ஆறாம் நம்பர் பம்பு தொங்கியது. அதில் ஆறு கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திரும்பியிருந்தது. இரண்டு நாளாக அதைத் தினம் எடுத்துக் கொடுத்த ஸ்டோர்க்காரன் கவனிக்கவில்லை. கிராணி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, ஒரு பம்பு அதிகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மோகனா மட்டும் அந்த வெறும் தரையில் உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை புஷ்பம் புஷ்பம் என்று கூப்பிட்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்வது? பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதையென்று தாண்டவும் முடியவில்லை. வந்திருப்பவள் யாரையும் கடிக்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நின்றாள். புஷ்பவள்ளிக்குத் தெரிந்த அத்தனையும் அவளுக்குத் தெரிந்திருந்தது, கடன் சொன்ன கடை முதற்கொண்டு. வீரமுத்து ஒரு வாரம் லோரியிலேயே படுத்தான். எட்டாம் நாள் பசி தாங்காமல் வீட்டுக்குள் போனான். அப்போது பள்ளியில் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்த மகள் இந்துமதி ஆறு மாதம் தன் அறையைப் பூட்டிக்கொண்டு தூங்கினாள், அடுத்த ஆறு மாதம் கதவைச் சாத்தி மட்டும் வைத்தாள், கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டுக்குள்ளேயே கிடந்த வருசத்தில் அதைத் திறந்தே போட்டாள். அந்த வருசம்தான் முதல் தடவையாக வந்தவளை அம்மா என்று கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய் ஒரு மணி நேரம் அழுததாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

மோகனாவிடம் மட்டும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தப்பாகச் சொன்னவனை ஊர் மறந்துவிடும். சரியாகச் சொன்னவளை எப்படி மறப்பது? அவள் எதிரில் வந்தால் ஆட்கள் வேறு நிரைக்கு மாறினார்கள். மூன்றே மாதத்தில் அவள் பகாவ் பட்டணத்துக்குப் போய்ப் பூக்கடை ஒன்றில் மாலை கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். நாலு வருசம் கழித்து, இந்துமதிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, பத்திரிகை கொடுக்கிற சாக்கில் பஞ்சாலை பஸ் ஏறிப் பகாவுக்குப் போனாள். மோகனா தலை நிமிராமல் சாமந்தி கோத்துக்கொண்டிருந்தாள். தான் செய்தது பெரிய பாவம் என்று பஞ்சாலை சொன்னாள். மோகனா சொன்னதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் என்றாள். வழக்கத்தின் மேல் பழியைப் போட மாட்டேன் என்றும் சொன்னாள். மோகனா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“பயந்துபோய் வந்திருக்கீங்கக்கா. தண்ணி குடிச்சிட்டுப் போங்க. பயந்தவங்க பேச்ச நான் இப்ப எடுத்துக்கிறது இல்ல.”

தண்ணீர் கொடுத்தாள், மரியாதையாகவே கொடுத்தாள். பத்திரிகையைத் தொடவில்லை. பஞ்சாலை அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். கல்யாணத்தில் தாயின் இடத்தில் நின்றவள் முறை ஒன்றும் தப்பாமல் எல்லாம் செய்தாள் என்று வந்தவர்கள் பாராட்டினார்கள்.

இப்போது பஞ்சாலை வேலையை விட்டுவிட்டாள். முட்டி இரண்டும் வீங்கி, வாசல் நாற்காலியோடு சரி. பிள்ளைகள் சிரம்பானில், மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார்கள். தினமும் சாயங்காலம் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அவள் காலைப் பிடித்துவிடுகிறவள் அந்த வந்தவள்தான். வேறு யாரும் வருவதில்லை. கை பதமான சூடு, வலி உடனே கேட்கிறது. ஏழு வருசமாகக் கேட்காத கேள்வியைப் போன வெள்ளிக்கிழமை பஞ்சாலை கேட்டாள்.

“அவ இப்ப எங்கடி இருக்கா?”

“தெரியாதுக்கா. தொட்டி கெளம்புற வரைக்கும் அவ நெனச்சதெல்லாம் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் தெரியாது.”

“கடைசியா என்ன நெனச்சா?”

அது எண்ணெயைத் தொட்டுக்கொண்டது. பஞ்சாலையின் காலைத் தன் மடியில் சரியாக எடுத்து வைத்துக்கொண்டு, விலை சொல்வது போலச் சொன்னது:

“ரெண்டாம் நாளு நீங்க வெளிய நின்னு மோகனாகிட்ட ‘வா போலாம்’னு சொன்னது அவளுக்குக் கேட்டுச்சுக்கா. இந்தக் கொரலு நெசமாவே அக்காதான்னு அப்பத்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அவ கூப்பிடல.”

 பஞ்சாலை இன்னொரு காலையும் நீட்டினாள்.