ஐந்தாவது எபிசோடில் ஏஞ்சல்

ஏஞ்சல் வெள்ளிக்கிழமைதோறும் மேட்னி பார்க்கிறவள். குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தியேட்டருக்குப் போக முடிந்தது, அதுவும் சர்ச்சும் சமையலும் முடிந்த பிறகு. ஓய்வு பெற்ற மறு வாரமே வெள்ளிக்கு மாறிவிட்டாள். படம் வெளியான அன்றே பார்த்துவிட வேண்டும், அடுத்தவர் சொல்வது காதில் விழுவதற்குள் தனக்கென்று ஒரு கருத்து வந்துவிட வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இருக்கிற பிடிவாதம். கணவர் ஜெரோமும் கூடப் போவார். பெயர் போடும்போது தூங்க ஆரம்பித்து, இடைவேளையில் எழுந்து பாப்கார்ன் வாங்கி வந்து, மறுபடியும் தூங்குவார்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் திரும்பும் ஆட்டோவிலேயே ஏஞ்சல் தன் கருத்தை ஆடியோவாகப் பேசி, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவாள். சர்ச் பாடகர் குழுவில் பல வருஷம் பாடிய கனத்த குரல். பின்னால் பஸ் ஹாரன் கேட்டாலும் ஒரு வார்த்தை தப்பாது.

"ஹலோ, ஏஞ்சல் பேசறேன். படம் முழுக்க ஒரே இருட்டு. அந்த ஊர்ல ஒரு வீட்லகூட ட்யூப்லைட் இல்ல போல. யாரோ யாரையோ கொன்னாங்க. செத்தது யாருன்னு, அடுத்த சீன்ல போட்டோவுக்கு மாலை போட்டப்பதான் தெரிஞ்சுது."

கதையை முடிக்காமல் இரண்டாம் பாகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடும் படங்கள் மேல் அவளுக்குத் தனிக் கோபம். வயிற்றைத் திறந்த டாக்டர், மீதி ஆபரேஷனை அடுத்த தீபாவளிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால் சும்மா விடுவோமா என்று கேட்பாள். சீரியல்களில் மருமகள் பட்டுப்புடவையோடும் ஒட்டியாணத்தோடும் தூங்குவதைப் பற்றி ஒரு ஆடியோ. வெப் சீரிஸில் துப்பறிய வருகிற அதிகாரி எல்லோருக்கும் தாடியும், பிரிந்துபோன மனைவியும் ஏன் கட்டாயம் என்று இன்னொன்று. ஆனால் பிடித்துவிட்டால் மனம் திறந்து பாராட்டுவாள். பழைய ஸ்கூட்டரை விற்க மனம் வராத ஒரு குடும்பத்தைப் பற்றி, பெரிய நடிகர் யாரும் இல்லாமல் ஒரு சின்னப் படம் வந்தபோது, பேசப் பேச அவள் குரல் தழுதழுத்துப் பாதியில் நின்றுவிட்டது. அந்த வாரம் குடியிருப்பில் பாதிப் பேர் அந்தப் படத்துக்குப் போய் வந்தார்கள்.

குடியிருப்பின் செயலாளர் பொன்னுசாமிக்கு இது பிடிக்கவில்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று பார்க்கத் திறந்தால் சினிமாதான் இருக்கிறது என்று குறைப்பட்டார். அதனால் ஏஞ்சலுக்கென்று தனிக் குழு தொடங்கினார்கள். முதலில் சேர்ந்தவர் பொன்னுசாமிதான். கோவளம் பக்கத்திலிருந்து கூடையோடு மீன் கொண்டு வரும் அங்காளம்மாவும் சேர்ந்துகொண்டாள். சீரியல் விஷயத்தில் ஏஞ்சலுக்குச் சரிசமமாகச் சண்டை போடக்கூடியவள் அவள் ஒருத்திதான். சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே, மாமியார் பக்கம்தான் நியாயம் என்று அடித்துச் சொல்வாள்.

போன வருஷம் மழை விட்ட ஒரு மாதத்தில், குடியிருப்புக்கே ஷூட்டிங் வந்தது. சினேகா என்கிற இளம் பெண் இயக்கும் முதல் வெப் சீரிஸ். காணாமல் போன மகனைத் தேடும் ஒரு தாயின் கதை. இரண்டாம் மாடி வராந்தாவில் ஒரு காட்சி: போலீஸ்காரர் பூட்டிய வீட்டின் முன் நிற்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்து, "அவங்க காலைலயே பூட்டிட்டுப் போய்ட்டாங்களே" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கென்று பேசி வைத்திருந்த நடிகை மேடவாக்கம் டிராபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. உதவி இயக்குநர் இளமாறன் போனும் கையுமாக மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் முன்னால் நின்ற ஏஞ்சலைச் சினேகா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "ஆன்ட்டி, நீங்க பண்றீங்களா?" என்றாள்.

ஏஞ்சல் யோசிக்கவே இல்லை. எத்தனை வருஷமாகப் பார்க்கிறோம், ஒரு வரி சொல்ல முடியாதா என்று நினைத்தாள்.

முடியவில்லை. முதல் முறை கேமராவைப் பார்த்தாள். இரண்டாம் முறை, கேமராவைப் பார்க்கக் கூடாது என்ற ஞாபகத்தில் போலீஸ்காரரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு கைகள் தொல்லை கொடுத்தன. வீட்டில் இத்தனை காலமாக அந்தக் கைகள் எங்கே இருந்தன என்றே நினைவுக்கு வரவில்லை. இடுப்பில் வைத்தால் சண்டைக்காரி மாதிரி இருந்தது, தொங்கவிட்டால் ஸ்கூல் பிரேயர் மாதிரி இருந்தது. புதுமுகங்களை எல்லாம் மரக்கட்டை என்று தான் சொன்ன ஆடியோக்கள் ஒவ்வொன்றாக அவள் காதில் ஒலித்தன. கடைசியில் சினேகா அவள் கையில் துணி காயப்போடும் பக்கெட்டைக் கொடுத்தாள். அப்போதுதான் ஒருவழியாக ஓகே ஆயிற்று. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஜெரோம் ஒரு நொடிகூடக் கண் மூடாமல் எல்லாவற்றையும் பார்த்தார்.

போகும்போது இளமாறன் போன் நம்பர் கேட்டான். ஏஞ்சலின் போன் வீட்டுக்குள் சார்ஜில் இருந்தது, ஜெரோம் தன் நம்பரைச் சொன்னார்.

பள்ளிகள் திறந்த சமயத்தில் சீரிஸ் வெளியானது. பொன்னுசாமியே முன்னின்று, ஞாயிறு மதியம் குடியிருப்பின் பொது அறையில் பெரிய டிவிக்கு ஏற்பாடு செய்தார். நாவலூரிலிருந்து மகள் ஆஷா வந்திருந்தாள். ஐந்தாவது எபிசோடில் வராந்தா வந்தது. கதவு திறந்தது. ஏஞ்சல் பக்கெட்டோடு வெளியே வந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். திரையில் இருந்த ஏஞ்சல் வாயைத் திறந்தாள்.

வந்தது வேறு யாருடைய குரலோ. மெல்லிய, சின்னப் பெண் குரல்.

கைதட்டல் பாதியில் நின்றது. பிறகு யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோருமே சிரித்தார்கள். ஏஞ்சலும் சிரித்தாள். ஆனால் எட்டாவது எபிசோடு முடியும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை ஆஷா கவனித்தாள்.

அன்று ஆடியோ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குழுவில் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை மீன் கொண்டு வந்த அங்காளம்மா கூடையை இறக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா யக்கா, மூஞ்சி உன்னுது கீது, கொரலு யாருதோ கீது? நல்லாவே இல்ல. ஒரு பேச்சு பேசாம வுட்டுட்டியே."

ஏஞ்சல் வஞ்சிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீரிஸைப் பற்றி அவளுக்குக் கருத்து இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. ஆனால் திட்டினால் குரலை மாற்றிய கோபத்தில் திட்டுகிறாள் என்பார்கள், புகழ்ந்தால் தான் நடித்ததால் புகழ்கிறாள் என்பார்கள். அதைவிடப் பெரிய பேஜார், எது உண்மை என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் தன் மனசை நம்பாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மதியம் சாப்பாட்டின் போது, குரல் அவ்வளவு மோசமாகவா இருந்தது என்று ஜெரோமிடம் கேட்டாள். அவர் ரசத்தைக் குடித்து முடித்தார். பிறகு, ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது என்று மெதுவாகச் சொன்னார். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ ஒரு பையன் போன் செய்தானாம். அன்றைக்கு ஷூட்டிங்கில் தண்ணீர் மோட்டார் சத்தம் உள்ளே விழுந்துவிட்டது, அம்மா வடபழனி ஸ்டுடியோவுக்கு ஒரு தடவை வந்து பேசிக் கொடுக்க வேண்டும், கார் அனுப்புகிறோம் என்றானாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இந்த மாதிரி ஏமாத்தறவங்க எத்தனை பேரைப் பாத்திருக்கேன்னு சொல்லி பிளாக் பண்ணிட்டேன். ரெண்டு நம்பர்லேர்ந்து வந்துது. ரெண்டையும் பண்ணிட்டேன்."

ஏஞ்சல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பார் கரண்டி அவள் கையில்தான் இருந்தது. ஜெரோம் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பொது அறையில் சிரித்த சிரிப்பு இல்லை இது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஜெரோமும் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொண்டார். மூன்று நாளாக மனசில் உட்கார்ந்திருந்த கனம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

அன்று சாயங்காலமே எட்டு எபிசோடுகளையும் தனியாக உட்கார்ந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தாள். முடிக்க வியாழக்கிழமை ஆயிற்று. பால்கனியில் நின்று ஆடியோ போட்டாள்.

"ஹலோ, ஏஞ்சல் பேசறேன். எட்டு எபிசோடு ஜாஸ்தி, ஆறு போதும். போலீஸ் ஸ்டேஷன்ல சும்மா டீ குடிச்சுக்கிட்டே இருக்காங்க. ஆனா அந்த அம்மா, பையனோட சட்டையை இஸ்திரி பண்ணி ஹேங்கர்ல மாட்டறாங்களே, அழாம, அந்த சீனை எடுத்த பொண்ணு பெரிய ஆளா வரும். அப்பறம் அஞ்சாவது எபிசோடுல பக்கெட்டோட ஒரு பொம்பளை வருது. அது நடிக்கல, பக்கெட்டைத்தான் புடிச்சுக்கிட்டு நிக்குது. குரல் குடுத்த பொண்ணுதான் அந்த சீனைக் காப்பாத்துச்சு. அது யாருன்னு தெரியல, நல்லா இருக்கட்டும்."

குழுவில் அந்த ஆடியோவுக்கு வந்த கைதட்டல் படங்கள் பக்கம் பக்கமாக நீண்டன. பொன்னுசாமி, நடிப்பு அவ்வளவு மோசமில்லை என்று எழுதியிருந்தார். யாரோ யாருக்கோ அனுப்பி, அது சுற்றிச் சுற்றி இளமாறனுக்கும் போய், அவன் ஏஞ்சலின் நம்பரையும் கேட்டு வாங்கி, சினேகாவிடம் போட்டுக் காட்டிவிட்டான்.

ஞாயிறு காலை சர்ச் முடிந்து வெளியே வரும்போது ஏஞ்சலுக்குப் போன் வந்தது. சினேகாவின் குரலில் கொஞ்சம் விறைப்பு இருந்தது. நலம் விசாரிக்கவில்லை.

"ஆறு போதும்னு சொன்னீங்களே ஆன்ட்டி. எந்த ரெண்டைத் தூக்குவீங்க?"

ஏஞ்சல் சர்ச் காம்பவுண்டில் வேப்ப மரத்தடி நிழலுக்குப் போய் நின்றாள். மூன்றையும் நான்கையும் ஒன்றாக்கிவிடலாம், ஏழாவதில் அந்தத் தாயின் தங்கை கல்யாணக் கதை எதற்கு என்றே தெரியவில்லை என்றாள். தங்கை கதை தன் சொந்த வீட்டில் நடந்தது என்று சினேகா சொன்னாள். நடந்தது என்பதற்காக எல்லாம் படத்தில் இருக்க வேண்டுமா என்று ஏஞ்சல் கேட்டாள்.  சினேகா போனை வைத்துவிட்டாள் என்றுதான் ஏஞ்சல் நினைத்தாள்.

"இஸ்திரி சீனை எல்லாரும் வெட்டச் சொன்னாங்க," என்றாள் சினேகா. இப்போது குரல் மாறியிருந்தது. "மெதுவா போகுதாம். நான் சண்டை போட்டு வெச்சேன். நீங்க ஒருத்தர்தான் அதைப் பத்திப் பேசியிருக்கீங்க."

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று தெரியவில்லை. ஜெரோம் பைக்கை ஸ்டார்ட் செய்து, அணைத்து, பக்கத்துக் கடைக்குப் போய் காப்பி குடித்துவிட்டு வந்தார். தங்கை கல்யாண விஷயத்தில் மட்டும் சினேகா கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஏஞ்சலுக்கு அது பிடித்திருந்தது.

இந்த வருஷம் சினேகா ஒரு முழுப் படம் எடுத்திருக்கிறாள். தியேட்டரில் வரப்போகிறது. இசை சேர்ப்பதற்கு முன்னால் ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று வடபழனிக்குக் கூப்பிட்டாள், காரும் அனுப்பினாள். ஒரே ஒரு நிபந்தனை: வெளியாகும்வரை யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது.

ஏஞ்சல் போய் வந்துவிட்டாள். ஸ்டுடியோவின் சின்ன அறையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து பார்த்தாள், தனக்குத் தோன்றியதைச் சினேகாவிடம் மட்டும் சொன்னாள். திரும்பி வரும் வழியில் பழக்கத்தில் போனை எடுத்து, ஆடியோ பொத்தானை அழுத்தி, "ஹலோ" என்று சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அழித்துவிட்டாள்.

குழுவில் தினமும் கேட்கிறார்கள். பொன்னுசாமி தனியாகக் கூப்பிட்டு, தன்னிடம் மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டுப் பார்த்தார். அங்காளம்மா, அயிலை மீனில் நாலு அதிகமாகப் போட்டுவிட்டு, "நல்லாக் கீதா, இல்லியா, அத்த மட்டும் சொல்லுக்கா" என்றாள்.

"வரட்டும், நீயே பாரு," என்று சொல்லிவிட்டு ஏஞ்சல் மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முகத்தை மட்டும் அவளால் மறைக்க முடியவில்லை. அங்காளம்மா அடுத்த வாசலுக்குப் போவதற்குள், படம் நல்லா இருக்காம் என்று மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது.