ஒரு மணி வெயிலில் பால் வெட்டியவர்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு நிழலிலிருந்து கிடைத்தது.

ரவாங்கில் வீடு மாறியபோது, அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய தமிழ்ப் பேப்பரை உருவினேன். 1986 தேர்தல் சமயத்துப் பேப்பர். அதில் ஒரு படம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ரப்பர் மரத்தின் முன் குனிந்து பால் வெட்டுகிறார். கீழே 'தோட்டத்தில் பிறந்தவர், தோட்டத்தை மறவாதவர்' என்று எழுதியிருந்தது. முகம் இருந்த இடத்தைக் கரப்பான் அரித்திருந்தது. நிழல் மட்டும் முழுசாக இருந்தது. காலடியில் சுருண்டு கிடந்தது.

பகல் ஒரு மணி நிழல் அது. ஒரு மணிக்கு எந்தத் தோட்டத்திலும் யாரும் பால் வெட்டுவதில்லை.*

(* விடியலுக்கு முன் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நீரால் விம்மி நிற்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடும், குழாய்கள் தளரும், பால் நின்றுவிடும். ஒரு மணிக்குப் போய்க் கேட்டால் மரம் கையை விரிக்கும்.)

அப்படியானால் மரத்தில் கட்டியிருந்த மங்கில், அந்தப் பால் கிண்ணத்தில், வெள்ளையாக இருந்தது என்ன? இந்தக் கேள்வியோடு ஒரு வாரம் திரிந்தேன். கேட்க ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். படத்தில் இருந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. இனி வருகிறவர்கள் எல்லாரும் நானே உண்டாக்கியவர்கள்.

2

தொடக்கங்கள்:

"தேர்தல் வந்தால் தோட்டத்துச் சாலைக்கும் தார் வரும்." வேண்டாம். இதைக் காப்பிக்கடையில் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

"வேட்பாளர் நடராஜாவின் தங்கப்பல் வெயிலில் மின்னியது." தங்கப்பல்லைக் கொடுத்த உடனே அவர் கெட்டவர் என்று முடிவாகிவிட்டது. எனக்கு அது இன்னும் தெரியாது. பிடுங்கிவிட்டேன்.

"சந்திரிகாவின் கண்கள் —"

(அவள் கண்கள் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. கைகள் தெரியும். அங்கிருந்து போகிறேன்.)

3

சந்திரிகாவின் கட்டைவிரல் நகம் எப்போதும் பழுப்பாகவே இருக்கும். கோலசிலாங்கூர் பட்டணத்தில் சிவானந்தத்தின் ஸ்டூடியோவில் அவளுக்கு இருட்டறை வேலை. மருந்துத் தட்டில் படம் கழுவுவாள். காய்ந்த படத்தில் தெரியும் பருவை, தழும்பை, தூசுப் புள்ளியை மெல்லிய தூரிகையால் மறைப்பாள். "சந்திரிகா தொட்டா பத்து வயசு கொறையும் லா" என்று கல்யாண வீடுகளில் பேர் வாங்கியிருந்தாள்.

சிவானந்தத்துக்கு ஸ்டூடியோ ஒரு கால் என்றால் தமிழ்ப் பேப்பர் இன்னொரு கால். பகுதி நேர நிருபர். அந்தச் சனிக்கிழமை வேட்பாளர் நடராஜாவோடு ஏழாங்கட்டைத் தோட்டத்துக்குப் போய்வந்தார். (தோட்டத்தை வரைபடத்தில் தேட வேண்டாம். பத்தாங் பெர்ஜுந்தை போகிற சாலையோரம் நானே நட்டது.)

மூன்று மணிக்குப் படம் மருந்தில் மேலெழுந்தது. முதலில் தலைமுடி. பிறகு மரம். மரத்தில், வெட்டுக்கோட்டின் நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கியிருக்கிறது. தோட்டத்தில் அதற்குப் பெயர் காயம். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். மறுபடி அங்கே கத்தி ஓடாது. பால் வெட்டுகிறவர்கள் பாம்புக்குப் பயப்படுவதைவிடக் காயத்துக்கு அதிகம் பயப்படுவார்கள்.

மரத்தின் ஓரத்தில், பாதி உடம்பு மட்டும் படத்துக்குள் வர, ஒரு பெண் நின்றாள். காளியம்மா. சந்திரிகாவின் அம்மாவுக்குத் தங்கை. அது காளியம்மாவின் மரம். நடராஜா கையில் இருந்தது காளியம்மாவின் கத்தி.

"அண்ணே, மரத்துல காயம் பட்டிருக்கு."

"தெரியும். அதான் ஒன்கிட்ட குடுக்கிறேன். சரி பண்ணிடு."

"ஒரு மணிக்குப் போனதா சொன்னீங்க. மங்குல எப்படிண்ணே இவ்வளவு பாலு?"

சிவானந்தம் சிரித்தார். "டின்பாலு. சுடுதண்ணியில கலக்கி அவரு ஆளு ஊத்துனான். ரெண்டு நிமிசத்துல எறும்பு வந்துருச்சு. படத்துல எறும்பு தெரியுதா பாரு. தெரிஞ்சா அதையும் எடுத்துரு."

எறும்பு தெரியவில்லை. சந்திரிகா காயத்தின் மேல் சாம்பல் நிறத்தைப் புள்ளி புள்ளியாக வைத்தாள். பட்டையின் சொரசொரப்பு வரும்வரை வைத்தாள். பிறகு பிளேடு முனையால் படத்தை லேசாகச் சுரண்டி, வெட்டுக்கோட்டிலிருந்து மங்குக்கு ஒரு பால்கோடு இறக்கினாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. தள்ளி வைத்துப் பார்த்தாள். இவ்வளவு சுத்தமான வெட்டை அவள் எந்த மரத்திலும் கண்டதில்லை. படம் ஆறரை பஸ்ஸில் கோலாலம்பூருக்குப் போனது.

(இந்த இடத்தில் அவள் மனசு உறுத்தியதாக இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் பொய்யாக இருந்தது. வேலையை நன்றாகச் செய்தவளுக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.)

4

நடராஜாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

அவர் தோட்டத்தில் பிறந்தது உண்மை. கெர்லிங் பக்கம். அவருடைய அம்மா பால் வெட்டியவர். இவரைப் பன்னிரண்டு வயதில் பட்டணத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு படிப்பு, இன்சூரன்ஸ் வேலை, கட்சி. கத்தி பிடித்ததே இல்லை. எந்த மேடையிலும் 'நான் பால் வெட்டினேன்' என்று சொன்னதும் இல்லை. சிவானந்தம் எழுதிய வரியும் பொய் இல்லை. தோட்டத்தில் பிறந்தவர், சரிதானே. மிச்சத்தைப் படம் சொன்னது. ஒரு பொய் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது; அதைச் சொன்ன வாய் எது என்று தேடினால் ஒரு வாயும் இல்லை. எனக்கு இதுதான் ஆச்சரியம். திரும்பத் திரும்ப இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கத்தி இறங்கியபோது என்ன நடந்தது என்று எழுதிப் பார்த்தேன்:

அவர் கை நின்றது. "ஆழமா எறங்கிருச்சாம்மா?" என்று காளியம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

சுற்றிலும் ஆட்கள், மாலை, கொடி. "பரவால்லீங்க ஐயா" என்றாள் அவள்.

"எங்கம்மா பாத்திருந்தா கத்தியப் புடுங்கிட்டு வெரட்டியிருப்பாங்க."

"ஐயா, இன்னும் ஒண்ணு. இப்படி நிமிந்து பாருங்க" என்றார் சிவானந்தம்.

நிமிர்ந்தார். அம்மாவின் நினைப்பில் வந்த சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதனால்தான் படம் அவ்வளவு நன்றாக வந்தது.

தங்கப்பல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க முடியாது.

5

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வந்த படம் செவ்வாய்க்கிழமை சுவரொட்டியானது. மளிகைக்கடைக் கதவில், பஸ் நிற்கும் இடத்தில், கோயில் சுவரில் கூட நடராஜா பால் வெட்டினார். புதன்கிழமை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அப்பளசாமி மரங்களைச் சுற்றிப் பார்க்கப் போனார். சாலையோரத்து முதல் மரத்திலேயே காயம்.

அந்த மாதம் காளியம்மாவின் கணக்கில் ஏற்கனவே இரண்டு காயம். கண் சரியாகத் தெரிவதில்லை. மூன்றாவது விழுந்தால் தோட்டத்துக் கணக்கர் கிராணி மருந்தடிக்கும் கும்பலில் போடுவார். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க லாலாங் புல்லுக்குக் களைக்கொல்லி தெளிக்கிற வேலை. சந்திரிகாவின் அம்மா அந்தக் கும்பலில் ஆறு வருஷம் இருந்தவள். இப்போது நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கித்தான் பேசுவாள்.

வியாழக்கிழமை காளியம்மா ஸ்டூடியோவுக்கு வந்தாள். பேப்பரை மடித்து இடுப்பில் செருகியிருந்தாள்.

"கிராணிகிட்ட சொன்னேன், அது நான் வெட்டுனதில்ல, ஒங்க ஒய்.பி. வெட்டுனதுன்னு."

"இன்னும் ஓட்டே போடல, அதுக்குள்ள ஜெயிக்க வச்சு ஒய்.பி. ஆக்கிட்டியாக்கா" என்று சிவானந்தம் பேச்சை மாற்றப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க தம்பி. கிராணி மேசையிலேருந்து பேப்பர எடுத்து நீட்டுறாரு. 'நல்லா பாரு காளியம்மா, இதுல எங்க காயம்? மனுசன் ஒன்னவிட அழகா வெட்டியிருக்காரு. அவருக்குப் பெறகு நீதான் கை வச்சிருக்க'ங்கிறாரு."

"அப்பளசாமி அங்கதான நின்னாரு?" என்றார் சிவானந்தம்.

"மால போட்டதே அவன்தான. இப்ப கேட்டா, வெயிலு கண்ணுல பட்டுச்சாம், ஒண்ணும் தெரியலியாம். எனக்குக் கண்ணு தெரியலன்னு எழுதி வச்சவன் அவன். திங்கக்கெழமையிலேருந்து மருந்தடிக்கப் போகணும்."

காளியம்மா பேப்பரை மேசையில் விரித்தாள். விரலால் வெட்டுக்கோட்டைத் தடவினாள்.

"சந்திரி, நீதான படத்தக் கழுவுன. காயம் எங்கடி போச்சு?"

சந்திரிகா நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான்தான் மறைச்சேன் சின்னம்மா."

(முதல் பிரதியில் இங்கே ஒரு அறை விழுந்தது. எடுத்துவிட்டேன். அறை விழுந்தால் கணக்குத் தீர்ந்துவிடுகிறது.)

காளியம்மா குனிந்து, பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, வெகுநேரம் பார்த்தாள்.

"கெட்டிக்காரி" என்றாள். திட்டுகிற குரல் இல்லை அது. "காயத்தோட ஒரு படம் இருந்தா குடு. கிராணி மொகத்துக்கு நேரா வைக்கிறேன். வேற ஒண்ணும் கேக்கல."

அவள் போன பிறகு சிவானந்தம் மேசை விளிம்பைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, நாளைக்கு மூணு மணிக்கு அவங்க காரு வருது, நெகட்டிவ வாங்கிட்டுப் போக. எல்லாப் படத்துக்கும் வாங்கிக்கிறாங்க. எதிர்க்கட்சிக்காரன் கையில எதுவும் போயிறக் கூடாதுல்ல. ஞாயித்துக்கெழம ஓட்டு. அது முடியட்டும். அவரே கிராணிகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுவாரு."

"தோத்துட்டாருன்னா?"

"தோத்தவரு சொன்னா யாரு கேப்பா?"

"ஜெயிச்சிட்டாருன்னா?"

சிவானந்தம் துணியை மடித்தார். "ஜெயிச்சிட்டா, பால் வெட்டத் தெரிஞ்சவருன்னு ஆயிருமே லா."

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. சந்திரிகா காயத்தோடு ஒரு படம் போட்டுக் காளியம்மாவிடம் கொடுக்கிறாள். நெகட்டிவ் காரில் போய்விடுகிறது. காளியம்மா படத்தைக் கிராணியின் முகத்துக்கு நேரே வைக்கிறாள். நீதி கிடைக்கப் போகிறது என்று நானும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கிராணி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காயத்த மறைக்கத் தெரிஞ்ச பொண்ணுக்குக் காயம் போடத் தெரியாதா? அவ ஒன் அக்கா மவதான?" இதை நான் யோசித்து வைக்கவில்லை. அவராகச் சொன்னார். நெகட்டிவ் இருந்தால் மட்டுமே பதில் உண்டு. அதில் தூரிகை படவில்லை.

ஆ. சந்திரிகா நெகட்டிவை ஒளித்துவிடுகிறாள். தொலைந்துவிட்டது என்கிறாள். காயத்தோடு படமும் நெகட்டிவும் கிராணியின் மேசைக்குப் போகின்றன, காளியம்மா பால் வெட்டிலேயே இருக்கிறாள். ஸ்டூடியோவில் வேறு பெண் வேலைக்கு வருகிறாள், சிவானந்தத்தின் நிருபர் அட்டையைப் பேப்பர்காரர்கள் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் படம் கிராணியின் மேசையோடு நிற்கவில்லை. சனிக்கிழமைக்குள் எதிர்க்கட்சியின் நோட்டீஸில் இருக்கிறது, 'மரத்தையே காயப்படுத்தியவர்' என்ற தலைப்போடு. நடராஜாவின் அம்மாவைத் தெரிந்த கெர்லிங்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். (இதை எழுதியபோது எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. காளியம்மாவின் முதுகில் டப்பா ஏறுவதை நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை.)

இ. காரில் நடராஜாவே வருகிறார். சந்திரிகா ஈரப் படத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். அவர் —

அவர் என்ன சொல்வார் என்று நான்கு நாள் காத்திருந்தேன். ஒருநாள் "கிராணிய நான் பாத்துக்கிறேன்மா" என்றார், நம்ப முடியவில்லை. ஒருநாள் நெகட்டிவுக்காகக் கையை மட்டும் நீட்டினார். அதை நம்ப முடிந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

7

வெள்ளிக்கிழமை. சிவப்பு விளக்கு எரிகிறது. சந்திரிகா நெகட்டிவைப் படம் பெரிதாக்கும் கருவியில் செருகி, தாளில் வெளிச்சம் காட்டி, தாளை மருந்தில் நழுவவிட்டாள். இதுவரைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

வெளியே கார் நிற்கிற சத்தம். இறங்கியது யார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. சிவானந்தம் கதவைத் தட்டுகிறார். "தங்கச்சி, வந்துட்டாங்க."

நெகட்டிவ் இரண்டு விரல் அகலம். அவர்களுக்குக் கொடுக்கிற கவருக்குள்ளும் அடங்கும், ரவிக்கைக்குள்ளும் அடங்கும். தட்டில் தலைமுடி வந்துவிட்டது, மரம் வந்துவிட்டது, காயமும் வந்துவிட்டது.

இனி நீங்கள் சொல்லுங்கள், அவள் என்ன செய்யட்டும். ஆனால் ஒன்று. மருந்திலிருந்து எடுத்து அடுத்த தட்டில் போடாத தாள் அப்படியே நமக்காகக் காத்துக்கொண்டிருக்காது. இரண்டு நிமிஷம் தாண்டினால் வெள்ளையெல்லாம் சாம்பலாகும். சட்டை, டின்பால், காயம் எல்லாம் மெல்ல ஒரே இருட்டாகும். நிதானமாக யோசியுங்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இந்தப் பக்கத்தைப் படித்த நேரத்தில் ஒரு நிமிஷம் போய்விட்டது.